காயம் தைக்கும் நூலும் அதன் உறையும்



பாடசாலையிற் படிப்பித்தவர்கள் எல்லாரும் ஒரு சிறு தொல்லையை அறிவார்கள். தேசப்படத்தைச் சுருட்டிக் கட்டி அலுமாரியின் மேல் வைக்கின்றோம். அடுத்த தவணையில் அதனை எடுத்துச் சுவரில் மாட்டினால், படம் நேராய்த் தொங்குவதில்லை. கீழ் விளிம்பு சுருண்டு மேலெழுந்து, மாத்தறையையும் அம்பாந்தோட்டையையும் விழுங்கிவிடுகின்றது. மாணவர் ஒருவர் குந்தியிருந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டாலன்றிப் பாடம் நடவாது. மறுபுறமாய்ச் சுருட்டிப் பார்ப்போம். கீழே தடியைக் கட்டித் தொங்கவிட்டும் பார்ப்போம். சற்று நேரம் அடங்கியிருக்கும். கையை எடுத்ததும் பழையபடி சுருண்டுகொள்ளும்.

இதனை நெடுங்காலமாக ஒரு வேடிக்கையாகவே எண்ணியிருந்தேன். அண்மையில், உறவினர் ஒருவரின் சத்திரசிகிச்சையின் பொருட்டு ஒரு வைத்தியசாலையிற் காத்திருக்க நேர்ந்தது. அங்கே, முன்னர் என்னிடம் படித்த மாணவி ஒருத்தியைக் கண்டேன். அவள் இப்பொழுது சத்திரசிகிச்சைக்கூடத்திலே தாதியாகப் பணிபுரிகின்றாள். "உன் வேலையில் மிகக் கவனம் வேண்டியது எது?" என்று கேட்டேன். இரத்தம், இரவுக் கடமை என்று ஏதேனும் சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவளோ, "நூலைப் பேணுவது, சேர்" என்றாள். நான் விளங்காமல் நின்றதைக் கண்டு சிரித்துவிட்டு, "உங்கள் தேசப்படத்தின் கீழ்விளிம்பை எத்தனை நாள் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்! அந்தப் படத்தைப் போலத்தான், சேர், காயம் தைக்கும் நூலும். எப்படி வைத்திருந்தோமோ அதை மறவாது" என்றாள்.

பின்னர், தான் பணிக்கு வந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொன்னாள். நூல் உறைகளைப் பத்துப் பத்தாக எண்ணி, இறப்பர் வளையத்தால் இறுகக் கட்டி, கருவிகளை அவிக்கும் இயந்திரத்துக்கு அருகில் இருந்த ஒரு சிறிய இலாச்சியில் திணித்து வைப்பது அங்கே வழக்கமாயிருந்ததாம். எண்ணுவதற்கு அது இலகு, எடுப்பதற்கும் இலகு. ஒரு நாள் சத்திரசிகிச்சை நடந்துகொண்டிருக்கையிற் சிறு நாடியொன்றிலிருந்து இரத்தம் பீறிட்டது. வைத்தியர் நூலுக்குக் கை நீட்டினார். அவள் உறையைத் திறந்து நூலை இழுத்தபோது, அது கம்பிச்சுருள்போலத் துள்ளி வந்தது. நடுவில் ஓரிடத்தில் முறிந்த ஈர்க்குப்போல் மடிந்தும் இருந்தது. முடிச்சை இறுக்கப் போன வைத்தியர் அந்த நூலை அப்புறம் வைத்துவிட்டு வேறொன்று கேட்டார். அதே கட்டிலிருந்து எடுத்த இரண்டாவது நூலும் அவ்வாறே இருந்தது. புதிய பெட்டியொன்றை உடைத்து எடுத்த மூன்றாவது நூல்தான் உதவிற்று. அதுவரையில் உதவி வைத்தியரின் விரலொன்றே அந்த நாடியை அடைத்துக்கொண்டிருந்தது. "நோயாளி சுகமாகி வீட்டுக்குப் போய்விட்டார், சேர். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடமும் இராது. ஆனால் அந்த விரலை நான் இன்னும் மறக்கவில்லை" என்றாள்.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்த நூலைப் பற்றியதே. நெளிவின்றி அதனை உறையிலிடும் வகை யாது, உறையிலிட்டதை வைத்தியசாலையிற் பேணும் வகை யாது என்பவற்றை, நான் கேட்டும் படித்தும் அறிந்த அளவில் எடுத்துரைக்கின்றேன்.

முதலில் நூலின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். காயத்தைத் தைப்பது மிகப் பழைய கலை. சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி வைத்திய நூல், சணல், ஆளிநார், மரப்பட்டை நார், விலங்கின் நரம்பு, மயிர் ஆகியவற்றைத் தையலுக்கு உரியனவாகக் கூறுகின்றது. கிரேக்க வைத்தியர் கேலன், போர்க்களரி வீரர்களின் காயங்களைக் கண்டு பழகியவர்; பட்டும் குடல்நாரும் அவருக்குத் தெரிந்திருந்தன. குடல்நார் என்பது ஆட்டின் அல்லது மாட்டின் குடற்சுவரிலிருந்து எடுத்து முறுக்கப்படும் இழை. ஆங்கிலத்தில் அதற்குப் பூனையின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பினும், பூனைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆனால் அந்நாளைய தையல் பெரும்பாலும் ஆபத்திலே முடிந்தது. நாடியைப் பட்டு நூலாற் கட்டி, நூலின் நுனியைக் காயத்துக்கு வெளியே நீளமாகத் தொங்கவிடுவார்கள். உள்ளே சீழ் பிடித்து நூல் தானாகக் கழன்று வரும்வரை பல நாள் காத்திருப்பார்கள். கழலும்போது நாடி மீண்டும் திறந்து, இரத்தம் பெருகி மாண்டவர் பலர். 1867ஆம் ஆண்டில் யோசேப்பு லிஸ்ரர் என்னும் ஆங்கிலேய சத்திரவைத்தியர், காபோலிக் அமிலத்தாற் கிருமியை அடக்கும் தம் முறையை வெளியிட்டார். மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலை வைத்தியத்தைப் பயிற்றி, "இரண வைத்தியம்" என்ற நூலை வெளிக்கொணர்ந்ததும் அதே ஆண்டில் என்பது நம்மவர் நினைக்கத்தக்கது. லிஸ்ரர் அடுத்துக் குடல்நாரைக் காபோலிக்கில் ஊறவைத்து, ஒரு கன்றின் கழுத்து நாடியைக் கட்டிப் பார்த்தார். நுனியை ஒட்ட நறுக்கிவிட்டுக் காயத்தை மூடினார். சீழ் பிடிக்கவில்லை, நார் உடலிலே கரைந்து, அவ்விடத்திற் புதிய இழையம் வளர்ந்திருந்தது. இம்முடிவை அவர் 1869இல் வெளியிட்டார்.

இதனால் ஒரு புதிய கடமை பிறந்தது. நூல் வலிதாய் இருந்தாற் போதாது, கிருமியற்றதாயும் இருக்கவேண்டும், வைத்தியரின் கைக்கு வரும் கணம்வரை அவ்வாறே இருக்கவேண்டும். ஆகவே நூலுக்கு உறை வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம் 1887 முதல் கிருமியழித்த நூல்களைப் பெருமளவில் ஆக்கி விற்றது. ஜேர்மனியில் பிரான்ஸ் கூன் என்ற வைத்தியரின் முறைப்படி பிறவுண் நிறுவனம் 1908இல் கிருமியற்ற குடல்நாரை ஆக்கத் தொடங்கிற்று. ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில் ஜோர்ஜ் மேர்சன் என்பவர் 1915இல் அதே தொழிலைத் தொடங்கினார்.

அக்கால உறை கண்ணாடிக் குழாயாகும். நூலைச் சிறு சுருளாகச் சுற்றிக் குழாயினுள் வைத்து, அது உலராதிருக்க மதுசாரம் கலந்த திரவத்தை வார்த்து, வாயை உருக்கி மூடிவிடுவார்கள். குழாய்களைக் கிருமிகொல்லித் திரவம் நிரம்பிய சாடியில் அமிழ்த்தி வைத்திருப்பார்கள். வேண்டியபோது தாதி குழாயைத் துணியிற் சுற்றி உடைத்து நூலை எடுப்பாள். கிருமியைத் தடுப்பதிற் கண்ணாடிக்கு நிகரில்லை. ஆயினும் இரண்டு குறைகள் இருந்தன. உடைந்த சிதறல் கையுறையைக் கிழிக்கும் என்பது ஒன்று. குழாய் ஒடுக்கமாதலால் நூலைச் சிறு வளையங்களாக நெருக்கிச் சுற்றவேண்டும் என்பது மற்றது. அவ்வாறு சுற்றிய குடல்நாரை வெளியே எடுத்தால், அது குழாயின் வடிவத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அதை நிமிர்த்துவதே தாதிக்கு ஒரு வேலையாயிற்று.

இனி, நூல் ஏன் இவ்வாறு சுருள்கின்றது என்பதைப் பார்ப்போம். ஒரு நூலை வளைத்தால், வளைவின் வெளிப்பக்கம் இழுபடுகின்றது, உட்பக்கம் நெருக்குண்கின்றது. வளைவு எவ்வளவு கூரியதோ, இழுவையும் அவ்வளவு பெரிது. சிறு கணக்கொன்று சொல்கின்றேன். 0.3 மில்லிமீற்றர் தடிப்புள்ள தையல் நூலொன்றை எடுத்துக்கொள்வோம். அதனை 1 மில்லிமீற்றர் ஆரையுள்ள வளைவில் மடித்தால், வெளிப்பக்கம் ஏறக்குறைய 15 வீதம் நீள்கின்றது. அதே நூலை 15 மில்லிமீற்றர் ஆரையுள்ள அகன்ற வளைவிற் கிடத்தினால், நீட்சி 1 வீதமே. முன்னையது நூலின் உள்ளமைப்பைக் குலைத்து, நிமிர்த்தினாலும் நிமிராத ஒரு மடிப்பை உண்டாக்கிவிடும். அதனையே நெளிவு என்கின்றோம். பின்னையது இலேசாக இழுத்ததும் நேராகிவிடும் ஒரு வளைவு மாத்திரமே.

காலமும் வெப்பமும் இதற்குத் துணைநிற்கின்றன. நைலோன், பொலிப்புரொப்பிலீன் முதலியவை நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனவை. வளைந்த நிலையில் நெடுநாள் வைத்தால், இச்சங்கிலிகள் மெல்ல மெல்ல நழுவி, அந்த வளைவுக்கேற்பத் தம்மைச் சரிப்படுத்திக்கொள்கின்றன. சூடு சேர்ந்தால் இந்த நழுவல் விரைவாகின்றது. சலவைப் பெட்டியின் சூட்டினால் காற்சட்டையின் மடிப்பு நிலைபெறுவதைக் கண்டிருக்கின்றோம் அல்லவா? அதைப் போன்றதே இது. நம் வீட்டுப் பெண்கள் கூறைச் சேலையை இடைக்கிடை எடுத்து மடிப்பை மாற்றி மடித்து வைப்பார்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் இருந்தாற் சரிகை அவ்விடத்தில் முறியும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

நூல்கள் எல்லாம் ஒரே அளவு ஞாபகம் உடையன அல்ல. பட்டு போன்ற, பல நுண்ணிழைகளைப் பின்னிச் செய்த நூல் இணக்கமுள்ளது, விட்டவிடத்திற் கிடக்கும். ஒற்றையிழையாக வார்த்த நூலோ நம் மீனவர் கையாளும் தங்கூசி போன்றது, விறைத்து நிற்கும். விசித்திரம் யாதெனில், இந்த ஒற்றையிழை நூலே பல இடங்களிற் சிறந்தது. அது வழுவழுப்பானது; இழையத்தை உரசாமற் செல்லும்; கிருமிகள் ஒளிந்திருக்க அதிற் பின்னல் இடுக்குகள் இல்லை. இரத்தக்குழாய்களைத் தைப்பதற்குப் பொலிப்புரொப்பிலீன் ஒற்றையிழையைச் சத்திரவைத்தியர்கள் பெரிதும் விரும்புகின்றனர். ஆனால் வடிவத்தை மறவாத குணமும் அதற்கே மிகுதி.

நெளிந்த நூலால் விளையும் தீங்கு யாது? முடிச்சு ஒன்று. விறைத்து நிற்கும் நூல், போட்ட முடிச்சை அவிழ்க்கவே முயலும். ஆகையால் அதிகமான சுற்றுக்கள் போடவேண்டும். வலிமை மற்றொன்று. கூரிய மடிப்பு விழுந்த இடத்தில் நூல் நலிந்திருக்கும். இறுக்கும்போது அவ்விடத்தில் அறும். மூன்றாவது, துள்ளும் வளையங்கள் கருவிகளின் நுனியிலும் அயலிலுள்ள இழையத்திலும் சிக்கிக்கொள்ளும்.

இக்குறைகள் எவ்வளவு பெரியன என்பது தைக்கும் பொருளைப் பொறுத்தது. 1894இல் பிரெஞ்சு நாட்டின் சனாதிபதி சாடி கார்னோ லியோன் நகரிற் கத்திக்குத்துக்கு இலக்காகி, வயிற்றினுள் இருந்த பெரிய நாளம் அறுந்து இறந்தார். இரத்தக்குழாயைப் பொருத்தித் தைக்கும் வகையை அன்றைய வைத்தியர்கள் செவ்வனே அறிந்திருக்கவில்லை. அந்நகரில் வைத்தியம் பயின்ற அலெக்சிஸ் கரல் என்ற இளைஞர், பூவேலைத் தையலிற் கைதேர்ந்த ஒரு பெண்மணியிடம் நுண்ணிய ஊசியாலும் பட்டிழையாலும் தைக்கப் பழகினார் என்பர். நூல் இழையத்தைக் கிழியாமல் வழுக்கிச் செல்வதற்கு அதற்கு வசிலீன் பூசினார். 1902இல் தம் முறையை வெளியிட்டார்; 1912இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இன்று இதயத்தின் நாடிகளைத் தைக்கும் நூல் 0.05 மில்லிமீற்றர் அளவினது. கண்ணிலும் மிக நுண்ணிய குழாய்களிலும் வழங்குவது 0.02 மில்லிமீற்றரளவே, தலைமயிரிலும் மெல்லியது. உருப்பெருக்கியின் கீழ் அதனைக் கையாளும் வைத்தியருக்கு, அதிலுள்ள ஒரு நெளிவு வழியில் விழுந்து கிடக்கும் மரத்துக்குச் சமன்.

எனவே, இக்கால உறையை அமைப்போர் முன் உள்ள வினா இது: 75 சதமமீற்றர் நீளமுள்ள விறைத்த நூலையும், அதன் நுனியிற் பொருத்திய வளைந்த ஊசியையும், உள்ளங்கையளவு உறையில் அடக்கவேண்டும். எங்கும் கூரிய மடிப்பு விழலாகாது. ஊசிமுனை எதையும் தொட்டு மழுங்கலாகாது. ஊசியைப் பிடித்து ஒருமுறை இழுத்ததும், நூல் முழுவதும் சிக்கின்றி வரவேண்டும்.

இன்னொரு தடையும் உண்டு. நூலை உறையிலிட்ட பின்னரே கிருமியழிக்கின்றனர். 1950களின் பிற்பகுதி தொடக்கம் கதிர்வீச்சினாற் கிருமியழிக்கும் முறை பரவிற்று. கதிர் மூடிய உறையை ஊடுருவிச் செல்லுமாதலால், கண்ணாடிக் குழாய் விலகி, உலோகத் தகடும் பிளாஸ்திக்கும் சேர்ந்த மெல்லிய உறை வந்தது. ஆனால் கதிரைத் தாங்காத நூல்களும் உண்டு. பொலிப்புரொப்பிலீன் அவற்றுள் ஒன்று. அவற்றுக்கு எதிலீன் ஒட்சைட்டு என்னும் வாயுவைச் செலுத்துகின்றனர். அதன்போது உறை சூடேறுகின்றது. உறையினுள் நூல் எவ்வடிவிற் கிடக்கின்றதோ, அவ்வடிவம் அந்தச் சூட்டில் ஊறி நிலைபெற்றுவிடும். ஆகவே கிடத்தும் முறை முதலிலேயே செவ்வையாக இருத்தல் வேண்டும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது நம் முதுமொழி. இங்கோ ஐந்தில் வளைந்தது ஐம்பதில் நிமிராது!

இதற்கு முதலிற் கண்ட உபாயம் எட்டு வடிவச் சுற்று. நூலை ஒரே பக்கமாக வளையம் வளையமாகச் சுற்றிவிட்டு நுனியைப் பிடித்து இழுத்தால், வளையம் ஒவ்வொன்றும் நூலில் ஒரு முறுக்கை ஏற்றும். கிணற்றடியிற் கயிற்றை அள்ளிப் போட்டுவிட்டு அவசரமாக இழுத்தவர்களுக்கு இது தெரியும். எட்டு வடிவிற் சுற்றினால், ஒரு வளையம் வலம் ஏற்றும் முறுக்கை அடுத்த வளையம் இடம் திருப்பிவிடும்; இறுதியில் மிச்சமொன்றும் இராது. பட்டம் விடும் சிறுவர்கள் தடியில் நூலை எட்டாகச் சுற்றுவதன் இரகசியமும் இதுவே. இவ்வாறு சுற்றிய தையல் நூலை மடித்த தடித்த கடதாசிக்குள் வைத்து, ஊசியை அதன் மடலிற் செருகிவிடுவர். பின்னிய நூலுக்கு இது போதுமானது. ஒற்றையிழைக்கோ, எட்டின் இரு தலைகளிலும் விழும் சிறு வளைவுகள் தொல்லை தந்தன.

அதனால் நீள்வட்டத் தட்டு வந்தது. இது மெல்லிய பிளாஸ்திக்கினால் ஆனது. ஓட்டப் பந்தய மைதானத்தைச் சுற்றி ஓடும் பாதை எவ்வாறு இருக்குமோ, அவ்வாறு தட்டின் விளிம்போரமாக ஒரு வாய்க்கால் ஓடும். நடுவில் ஊசிக்கு ஒரு பிடிப்பு உண்டு. வாய்க்காலின் மேல் சிறு சிறு இதழ்கள் மூடியிருக்கும். இயந்திரம் இவ்விதழ்களைச் சற்றே உயர்த்திக்கொண்டு தட்டைச் சுழற்ற, நூல் வாய்க்காலுள் இறங்கிப் படிகின்றது. இதழ்கள் மீண்டும் தாழ்ந்து, நூல் துள்ளி எழாமற் காக்கின்றன. தட்டின் சுற்று 25 சதமமீற்றர் என வைத்துக்கொண்டால், 75 சதமமீற்றர் நூல் மூன்றே சுற்றில் அடங்கிவிடும். எங்கும் கூர்வளைவு இல்லை. வைத்தியர் ஊசியைக் கருவியாற் பற்றி இழுத்தால், நூல் வாய்க்கால் வழியே ஓடி வந்து, ஏறக்குறைய நேராகவே கைக்குக் கிடைக்கின்றது. சில சதத்துக்குப் பெறுமதியான ஒரு பிளாஸ்திக் துண்டுதான். ஆயினும் எத்தனை சிந்தனை அதிற் படிந்துள்ளது!

உறை காக்கவேண்டியது வடிவத்தை மாத்திரமன்று. ஈரத்தையும் அதுவே ஆளவேண்டும். இதில் நூலுக்கு நூல் குணம் வேறு. குடல்நார் உலர்ந்தால் விறைத்து முறியும். ஆகையால் இன்றும் மதுசாரமும் நீரும் கலந்த திரவத்துடனே உறையிலிடப்படுகின்றது. மாட்டு நோய் பற்றிய அச்சத்தின் பின் ஐரோப்பிய நாடுகள் அதனைக் கைவிட்டன. நைலோன் சிறிது ஈரத்தில் இணக்கம் பெறும். மெல்லிய நைலோன் நூல்களிற் சிலவற்றை ஈரமாகவே உறையிலிடுவதுண்டு. பட்டு, நனைந்தால் வலிமை குறையும். 1970 முதல் வழக்குக்கு வந்த, உடலிற் கரையும் செயற்கை நூல்களுக்கோ ஈரமே எமன். உடலின் நீர் பட்டே அவை கரைகின்றன. காற்றிலுள்ள நீராவி பட்டால், உறையிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே அவற்றை நன்கு உலர்த்தி, ஈரம் புகாத அலுமினியத் தகட்டு உறையில் அடைக்கின்றனர். அத்தகட்டில் ஓர் ஊசித்துளை விழுந்தாலும் அந்த நூல் நம்பத்தக்கதன்று.

தொழிற்சாலையின் பணி இவ்வளவுடன் முடிகின்றது. மிச்சம் வைத்தியசாலையின் களஞ்சியத்திலும் அலுமாரியிலும் நடப்பது. அங்கே கைக்கொள்ளவேண்டிய விதிகளை அம்மாணவி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

நூலை அது வந்த பெட்டியிலேயே வைத்திருக்கவேண்டும். பெட்டியின் அட்டை, உறை மடியாமற் காக்கும் சுவராகும். உறைகளை இறுக்கிக் கட்டுவதும் வளைத்துத் திணிப்பதும் பாரமானவற்றை அவற்றின் மேல் ஏற்றுவதும், தொழிற்சாலையில் எடுத்த பிரயாசை முழுவதையும் ஒரு கணத்தில் அழித்துவிடும்.

களஞ்சியம் குளிர்ந்ததாயும் ஈரமற்றதாயும் இருக்கவேண்டும். பல உறைகளின் மேல் 25 பாகை செல்சியசுக்கு மேற்படாத வெப்பநிலையிற் பேணுக என்று அச்சிட்டிருக்கும். நம் நாட்டின் தாழ்நிலங்களில் நண்பகல் வெப்பம் அதனை இலகுவிற் கடந்துவிடும். ஆதலால் வெயில் படும் யன்னலோரமும், அவிக்கும் இயந்திரத்தின் அயலும், வெயிலில் நிறுத்திவைத்த வாகனமும் நூலுக்கு ஆகா.

முன்னர் வந்தது முன்னர் செல்லவேண்டும். புதிய பெட்டியைப் பின்னே வைத்துப் பழையதை முன்னே நகர்த்தினால், காலாவதித் தேதி கடந்து எதுவும் கிடவாது. தேதி கடந்ததையும், உறை பிரிந்ததையும், மீண்டும் அவித்து உபயோகிக்கலாம் என எண்ணலாகாது. அவிக்கும் சூடும் நீராவியும் நூலின் வலிமையைக் கெடுத்துவிடும்.

தேவை வருமுன் உறையைத் திறக்கலாகாது. வேண்டிவரலாம் என்று ஐந்தாறு உறைகளைத் திறந்து வைத்தால், மிஞ்சியவை குப்பைக்கே போகும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, மருந்துகளுக்கும் சத்திரசிகிச்சைப் பொருள்களுக்கும் தட்டுப்பாடு நேர்ந்து, அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் நம் நாட்டிற் பிற்போடப்பட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வீணாகத் திறந்த ஓர் உறையின் பெறுமதியை அந்நாள்கள் நமக்குக் கற்பித்தன.

இவ்வளவு பேணியும் நூலிற் சிறு வளைவு இருக்குமாயின், அதனை நிமிர்த்தவும் முறையுண்டு. நூலை இரு கைகளாலும் பிடித்து, மெதுவாக, ஒரே சீராக இழுக்கவேண்டும். ஊசி பொருந்திய இடத்திற் பிடித்து இழுத்தால் ஊசி கழன்றுவிடும். விரல்களால் அழுத்தி உருவுவதும், இடுக்கியால் நூலின் நடுவே கவ்வுவதும் தவறு. கவ்விய இடம் நசுங்கிப் பின்னர் அவ்விடமே அறும். மார்பெலும்பைச் சேர்த்துக் கட்டும் உருக்குக் கம்பிக்கோ இந்த வைத்தியமும் பலிக்காது. ஒருமுறை நெளிந்த கம்பியை நிமிர்த்தினால், அவ்விடத்தில் அது மேலும் நலிவடையும். அதனை ஒதுக்கிவிடுவதே செய்யத்தக்கது.

நேயர்களே, சத்திரசிகிச்சை என்றதும் நம் மனக்கண்முன் நிற்பவர் வைத்தியர் ஒருவரே. அவருடைய கைத்திறனை வாழ்த்துகின்றோம், அது முறையே. ஆனால் அவர் நூலுக்குக் கை நீட்டும் கணத்தில், அந்தக் கைக்குள் எத்தனையோ பேருடைய கவனமோ கவனயீனமோ வந்து சேர்கின்றது. தட்டில் நூலைக் கிடத்திய தொழிலாளி, பெட்டிகளை வெயிலில் விடாது இறக்கிய சாரதி, பழையதை முன்னே நகர்த்திய களஞ்சியக்காரர், அலுமாரியைத் திறந்து பார்த்து இறப்பர் வளையத்தைக் கழற்றி எறிந்த தாதி ஆகிய இவர்கள் எவருடைய பெயரையும் நோயாளி அறியமாட்டார். இவர்களுள் யாரேனும் இப்பொழுது என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். பெட்டிகளை எண்ணி அடுக்குவது உயிரைக் காக்கும் பணியா என்று உங்களுக்கு எப்போதாவது ஐயம் எழுந்தால், நாடியின் மேல் அமர்ந்திருந்த அந்த ஒரு விரலை நினைத்துக்கொள்ளுங்கள்.

நானும் அந்த வைத்தியசாலையிலிருந்து ஒரு பாடம் கற்றே திரும்பினேன். அடுத்த நாள் பாடசாலைக்குப் போனதும், அலுமாரியின் மேற் கிடந்த தேசப்படங்களை எல்லாம் இறக்கி, கட்டவிழ்த்து, வகுப்பறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடச் செய்தேன். பழைய சுருள் இன்னும் முற்றாக நீங்கவில்லை. ஆயினும் மாத்தறை இப்பொழுது கண்ணுக்குத் தெரிகின்றது.